வெட்டப்பட்ட நாலு நிமிடம்

எனக்குப் பாட வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமைப் பசனையில் நான் வாயைத் திறந்தபோது, முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "தம்பி, நீர் தாளத்தை மட்டும் போடும்" என்றார். அன்றிலிருந்து தாளம் மட்டும்தான் போட்டேன். அதுவும் எல்லா நாளும் சரியாக விழுந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நன்றாகக் கேட்பேன். கேட்டது மறக்காது. பாட வராததும் கேட்டது மறக்காததும் ஒரே ஆளிடம் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் எனக்குக் கலியாணம் நடந்தது. நான் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் களஞ்சியத்தில் வேலை. அவள் சென்னையில் வயலின் படித்துவிட்டு வந்து பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய றங்குப்பெட்டியில் சேலைகளுக்கு நடுவே ஓர் இசைத்தட்டு இருந்தது.

அதன் கதை இதுதான். அவள் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய வித்துவானின் பாட்டைச் சென்னையில் ஒரு கம்பனி பதிவு செய்தது. வழக்கமாக அவருக்கு வயலின் வாசிப்பவருக்கு அன்று காய்ச்சல். இவளுடைய ஆசிரியர் இவளை அனுப்பிவிட்டார். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. விடியப் போனவள் பின்னேரம் திரும்பி வந்து, தலையிடி என்று சொல்லிவிட்டுப் படுத்தாளாம். அதற்குப் பிறகு ஒருவரும் அவளைப் பதிவுக்குக் கூப்பிடவில்லை, அவளும் ஊருக்கு வந்துவிட்டாள். அவள் வாசித்துப் பதிவானது அந்த ஒரு நாள்தான்.

தட்டின் முதற்பக்கத்தில் கீர்த்தனைகள். இரண்டாம் பக்கம் முழுவதும் பைரவி. வித்துவான் ராகத்தை விரித்துப் பாடி முடித்ததும் வயலின் தனியாக அதே ராகத்தை வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர் தானம், பல்லவி என்று தொடர்வார், அது கச்சேரி முறை. அந்த இடம் நாலு நிமிடம். பின்னட்டையில் வித்துவானின் பெயருக்கு வெகு கீழே, எறும்பு எழுத்தில் அவளுடைய பெயரும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரம் செய்யும்போது நான் அந்த இரண்டாம் பக்கத்தைப் போடுவேன். போட்டதும் குசினிக்குள் திருவலைச் சத்தம் கேட்கும். அவள் தேங்காய் திருவத் தொடங்கிவிடுவாள். வித்துவான் பாடும்போது மெல்லத் திருவுவாள். வயலின் தொடங்கியதும் சிரட்டையே தேய்ந்துபோகிற மாதிரித் திருவுவாள். அந்த நாலு நிமிடத்தில் ஓரிடத்தில் வில்லு கீச்சிட்டுவிட்டதாம். நானும் எத்தனையோ தரம் காதைக் கொடுத்துப் பார்த்தேன், எனக்கு அப்படி ஒரு கீச்சும் கேட்டதில்லை.

"இஞ்சேருங்கோ, உதை நிப்பாட்டுங்கோ. அந்த இடம் வரப்போகுது."

"எந்த இடமப்பா? எனக்கொண்டும் கேக்கேல்லை."

"உங்களுக்குக் கேட்டால்தானே!"

இப்படி ஏழு வருடம். அவள் அந்தத் தட்டை முதன்முதலில் கையில் கிடைத்தபோது ஒருமுறை கேட்டவள், பிறகு கேட்டதே இல்லை. நான் கேட்ட பைரவி எல்லாம் தேங்காய்ப்பூ திருவுகிற சத்தத்தோடு சேர்ந்த பைரவிதான்.

ஒரு பிழையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்பத்தாறு அளவில், பாட்டுகளைக் கசற்றில் பதிந்து கொடுக்கிற ரெக்கோடிங் பார்கள் யாழ்ப்பாணத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன. அப்படி ஒரு கடைக்காரர் இந்தத் தட்டைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார். "அண்ணை, ஒருக்கால் தாங்கோ. கசற்றிலை ஏத்திப்போட்டு அண்டைக்கே திருப்பித் தாறன். உங்களுக்கும் ஒரு கொப்பி சும்மா அடிச்சுத் தாறன்" என்றார். நான் மறுத்துவிட்டேன். அவருடைய கடை ஊசி தேய்ந்த ஊசி, தட்டைக் கீறிவிடும் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. குடாநாட்டிலேயே அந்தத் தட்டு என் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்ற தடிப்பு எனக்கு. அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை தொடங்கி, ஷெல் எங்கள் பக்கம் விழ ஆரம்பித்தது. அயலெல்லாம் வெளிக்கிட்டது. எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். பின் கரியரில் ஓர் உரப்பை, ஹான்டிலில் ஒரு பை, அவள் கையில் வயலின் பெட்டி. உரப்பைக்குள் சாமான்களைத் திணித்துக்கொண்டிருந்தபோது அடியில் தட்டையாக ஒன்று தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் அந்த இசைத்தட்டு, ஒரு சேலையால் நாலாகச் சுற்றப்பட்டிருந்தது. அதைக் கேட்கவே மாட்டேன் என்று ஏழு வருடம் தேங்காய் திருவியவள்தான் அதை அதற்குள் வைத்திருந்தாள்.

"இதை ஏன் வைச்சனீர்? இந்த வெயிலுக்கை கரியரிலை கிடந்தால் அப்பளம் மாதிரி வளைஞ்சு போகும். நாலு நாளிலை திரும்பி வரப்போறம்" என்றேன்.

நான் தட்டை எடுத்து அலுமாரியில் படுக்கையாக வைத்து, அது வளையாமல் இருக்க மேலே இரண்டு தடித்த புத்தகங்களையும் வைத்துப் பூட்டினேன். அது இருந்த இடத்தில் சீனிப் போத்தலையும் தேயிலைப் பேணியையும் வைத்தேன். சீனி அந்தக் கிழமையே முடிந்துவிட்டது.

நல்லூரில் ஒரு வீட்டின் பின் அறை வாடகைக்குக் கிடைத்தது. நாலு நாள் நாலு மாதமாகி, பிறகு எண்ணுவதை விட்டோம். காங்கேசன்துறையில் எங்கள் வீடிருந்த பக்கம் இராணுவத்தின் கைக்குப் போய், ஒருவரும் போக முடியாத இடமாகிவிட்டது. நல்லூரிலிருந்து காங்கேசன்துறைக்குச் சைக்கிளில் ஒன்றரை மணித்தியாலம். சில நாட்களில், போக விடுகிற கடைசி இடமான மல்லாகம் வரைக்கும் ஓடிப்போய்ச் சும்மா நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். அதற்கு மேல் என்ன செய்வது?

தொண்ணூற்றிரண்டில், கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்து கைமாறிக் கைமாறி வந்த பழைய இந்திய வாரப் பத்திரிகை ஒன்றில் ஒரு விளம்பரம் பார்த்தேன். அந்தக் கம்பனி தன்னுடைய பழைய இசைத்தட்டுகளைக் கசற்றாக மறுபடி வெளியிடுகிறதாம். பட்டியலில் அந்த வித்துவானின் பெயரும் இருந்தது, பைரவியும் இருந்தது. நான் அந்தத் தாளைக் கொண்டு ஓடிப்போய் அவளிடம் காட்டினேன்.

"நல்லதுதானே" என்றாள். அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் கழித்து, உலை வைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்: "கொழும்பிலை உங்கடை தம்பிக்குச் சொன்னால் எடுக்கேலாதோ?"

எடுக்கலாம்தான். தம்பிக்குக் கடிதம் போக மூன்று மாதம். அவன் சென்னைக்குப் போகிற ஆளைப் பிடிக்க நாலு மாதம். பிறகு கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு வந்து, கிளாலிக் கடலில் வள்ளத்தில் கடந்து வருகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டான். அவர் அதைக் காலுறைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். வழியில் சோதித்தவர்கள் இது என்ன கசற் என்று போட்டுக் கேட்டுவிட்டு, கொட்டாவி விட்டபடி போகச் சொன்னார்களாம்.

கசற்றைக் கையில் வாங்கியதும் எனக்கு முதல் கோபம் வந்தது. இசைத்தட்டின் அட்டையில் வித்துவான் தம்புராவோடு இருக்கும் படம் இருந்தது. கசற் அட்டையில் அவரைக் காணவில்லை, யாரோ வரைந்த சரஸ்வதி இருந்தாள். இரண்டு இசைத்தட்டுகளை ஒரே கசற்றில் அடைத்திருப்பதாகப் பெருமையாகப் போட்டிருந்தார்கள். வயலின் வாசித்தவர் யார், மிருதங்கம் யார் என்று ஒரு சொல் இல்லை. "பக்கவாத்தியங்களுடன்" என்று மட்டும் இருந்தது. கலியாண வீட்டுச் சாப்பாட்டை "கறிகளுடன்" என்று சொல்வதுபோல. இந்தக் கம்பனிகள் பழையதைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு செய்கிற வேலை இதுதான். பாடியவருக்கு ஒரு மாலை, பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு சொல்லும் இல்லை. அவளிடம் அட்டையைக் காட்ட மனமில்லாமல் பெட்டியைத் திறந்து கசற்றை மட்டும் எடுத்தேன்.

மின்சாரம் தொண்ணூறிலேயே போய்விட்டது. பற்றரி கண்ணால் காண முடியாத சாமான். எல்லோரையும்போல நாங்களும் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைச் சில்லில் அழுத்திவிட்டு, அதிலிருந்து வயரை ரேப் ரெக்கோடருக்கு இழுத்தோம். ஒருவர் மிதித்தால் மற்றவர் கேட்கலாம். செய்தி கேட்பதற்கு அது போதும். பாட்டுக்கு அது போதாது. மிதி கொஞ்சம் தளர்ந்தால் சுருதி இறங்கும், வேகம் கூடினால் ஏறும்.

ஒரு பின்னேரம் நான் ஏறி மிதிக்கத் தொடங்கினேன். அவள் திருவலையைத் தேடவில்லை. ரேப் ரெக்கோடருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"அரைக்கட்டை இறங்கிக் கிடக்கு. கொஞ்சம் கெதியா மிதியுங்கோ... ஆ, காணும் காணும். உப்பிடியே விடாமல் மிதியுங்கோ."

சுருதிப்பெட்டிக்குப் பதிலாக என் கால்களைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். வித்துவான் பைரவியைத் தொடங்கினார். மூச்சு வாங்கினாலும் எனக்குச் சந்தோசம் பொங்கியது. அவர் மேலே போய், நின்று, இறங்கி வந்து முடித்தார். இனி இவள். நான் பெடலை அழுத்தினேன்.

வித்துவானின் குரலே மறுபடி வந்தது. தானம் தொடங்கிவிட்டது. வயலின் இல்லை.

"நீங்கள் மிதியை விட்டிட்டியள்" என்றாள் அவள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவசரத்தில் எங்கேயோ கால் தளர்ந்து நாடா துள்ளிவிட்டது என்று நினைத்தேன். பேனையைக் கசற்றின் ஓட்டைக்குள் விட்டுச் சுற்றிப் பின்னுக்குக் கொண்டுவந்து மறுபடி மிதித்தேன். மறுபடியும் அதே. மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். அதே. "இறங்குங்கோ, நான் மிதிக்கிறன்" என்று சேலையைச் செருகிக்கொண்டு அவளே ஏறினாள். இம்முறை நான் ரேப் ரெக்கோடரில் காதை வைத்துக் கேட்டேன். வித்துவான் முடிக்கிற இடத்துக்கும் தானம் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"மிதியிலை பிழையில்லை. வெட்டியிருக்கிறாங்கள்" என்றேன்.

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. தானம் முடிந்து பல்லவியும் முடியும்வரை மிதித்துக்கொண்டே இருந்தாள். வித்துவானுக்குப் பின்னால் நிழல்போல அவளுடைய வயலின் வருகிற துண்டுகள் அங்கங்கே இருந்தன. இறங்கி முகத்தைத் துடைத்தாள்.

"அந்தக் கீச்சுக் கேட்டிருக்கும். அதுதான் எடுத்துப்போட்டினம்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றே உட்கார்ந்து கம்பனிக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். அட்டைப் படத்தில் தொடங்கி "டிக்" சத்தம்வரை எல்லாவற்றையும் எழுதினேன். வயலின் வாசித்தவர் என் மனைவி என்பதைக் கடைசி வரியில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். கப்பலில் போகிற தபாலில் கடிதத்தைச் சேர்த்துவிட்டு நாள் எண்ணத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகுதான் அவள் மாறினாள். அதுவரை வேண்டாத பொருளாக இருந்த நாலு நிமிடம் அவளுக்கு வேண்டியதாகிவிட்டது. பாதிச் சோற்றில் கையை நிறுத்திக் கேட்பாள்: "கீழை, மந்தரத்திலையோ தொடங்கினனான்?" நான் ஓம் என்பேன். "பிறகு?" பிறகு என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் சொல்லத் தெரியாது. ஸ்வரம் சொல்லத் தெரியாதவன் நான். "பிறகு நல்லாயிருக்கும்" என்பேன். "நல்ல விளக்கம்" என்று சோற்றைப் பிசைவாள்.

பதில் ஒன்றரை வருடம் கழித்து, தொண்ணூற்றைந்து நடுப்பகுதியில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். மூல நாடாவில் அந்தப் பகுதி பழுதாகிவிட்டதாம். வாய்ப்பாட்டு இருந்த இடம் பழுதாகவில்லையாம், வயலின் இருந்த நாலு நிமிடம் மட்டும் பழுதாகிவிட்டதாம்! கீழே இன்னொரு விடயம் எழுதியிருந்தார்கள். தங்களிடம் அந்த இசைத்தட்டின் நல்ல பிரதி இல்லை. என்னிடம் இருந்தால் அனுப்பிவைக்கலாம். அதிலிருந்து அந்தப் பகுதியை எடுத்து அடுத்த பதிப்பில் சேர்த்து, அம்மையாரின் பெயரையும் அச்சிடுவார்கள்.

கடிதத்தை அவள் இரண்டு தரம் வாசித்தாள். மடித்து உறைக்குள் வைத்தாள். அந்தத் தட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டியது யார் என்று அவள் கேட்கவில்லை. உரப்பையிலிருந்து எடுத்தது யார் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சத்தம் போட்டாவது தீர்த்திருப்பேன். நாலு பேர் கேட்க "ஓம், நான்தான், நான்தான் விசரன்" என்று கத்தியிருப்பேன். அவள் அதற்கு இடம் தரவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, நாங்கள் இருந்த வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. நாங்களும் மழைக்குள் நடந்தோம். இந்த முறை பையை நான் தொடவே இல்லை, அவளே கட்டினாள். கசற்றும் கம்பனிக் கடிதமும் வயலின் பெட்டிக்குள் இருந்தன. சாவகச்சேரிக்கு வெளியே ஒருவருடைய மாந்தோப்பில், ஓலைக்கொட்டில் ஒன்றின் பாதி எங்களுக்குக் கிடைத்தது. மற்றப் பாதியில் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அந்தக் குடும்பம் நிவாரண அரிசி எடுக்கப் போயிருந்தது. மழை விட்டிருந்தது. அவள் பெட்டியைத் திறந்து வயலினை எடுத்தாள். மேல்தந்தி அறுந்து ஒரு வருடத்துக்கு மேல், மாற்றத் தந்தி எங்கும் கிடைக்கவில்லை. மற்ற மூன்றையும் சுருதி சேர்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சை வாங்கோ. அந்த நாலு நிமிசத்தை ஒருக்கால் பாடிக் காட்டுங்கோ."

"நானோ?"

"வேறை ஆர் கேட்டது? ஞாயிறுக்கு ஞாயிறு நீங்கள்தானே கேட்டனீங்கள். எனக்கு ஒரு பிடியும் ஞாபகமில்லை. நீங்கள் ஓரளவுக்குச் சொன்னாலே காணும், நான் பிடிச்சிடுவன்."

"எனக்குப் பாட வராதெண்டு தெரியுந்தானே."

"இஞ்சை ஆர் சிரிக்கப்போகினம்? நான் மட்டுந்தானே."

கண்ணை மூடினேன். எனக்குள் அது அப்படியே இருந்தது, முதல் இழுப்பிலிருந்து கடைசிவரை, ஒரு மயிரிழை குறையாமல், பின்னால் தேங்காய் திருவுகிற சத்தத்தோடு. படலையைச் சத்தம் போடாமல் திறந்து வருகிற ஆள்போல அது கீழிருந்து மெல்ல வரும். இரண்டாவது பிடியில் ஓரிடத்தில் நின்று, போகலாமா என்று யோசித்து, போகும். நான் வாயைத் திறந்தேன். வந்தது கியர் மாற்றுகிற பஸ்ஸின் சத்தம்.

அவள் சிரித்திருந்தால் தப்பியிருப்பேன். சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் பாட்டைக் கேட்பதுபோலக் கவனமாகக் கேட்டாள். பிறகு வில்லை வைத்து ஒரு பிடி வாசித்தாள்.

"உதுவே?"

"இல்லை."

"உப்பிடியே?"

"இல்லையப்பா. அதிலும் பாக்க மெல்ல. கீழை இருந்து..."

"கீழையெண்டால் எவ்வளவு கீழை? பாடுங்கோ."

மறுபடி பாடினேன். மறுபடி பஸ். அவள் வேறொன்று வாசித்தாள். இல்லை. இன்னொன்று. இல்லை. அரை மணித்தியாலத்துக்கு மேல் இப்படிப் போனது. பழக்கம் விட்ட அவளுடைய விரல் நுனிகளில் தந்தி பதிந்த கோடுகள் விழுந்தன. ஒவ்வொரு தரமும் வாசித்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிற அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்டவை மிகக் கொஞ்சம். கடைசியாக ஒன்று வாசித்தாள். பிழையில்லை. பிள்ளைகளுக்கு முதல் வருடத்தில் சொல்லிக் கொடுக்கிற பைரவி.

"உதுவே?"

"ஓம்," என்றேன். "உதுதான்."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதையே இன்னொரு தரம் வாசித்தாள். மூன்றாம் தரமும் வாசித்தாள். பிறகு வில்லைத் தாழ்த்தி மடியில் வைத்தாள்.

"உவ்வளவுதானோ?"

நான் கொட்டிலின் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் என்னவோ பெரிசா வாசிச்சுப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். உதெண்டால் அவங்கள் வெட்டினது சரிதான்."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் நிறுத்துத் தந்ததைச் சரிபார்த்தவள்போலச் சொன்னாள். வில்லின் மயிரைத் தளர்த்தி, வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். கம்பனியின் கடிதத்தை அடுப்பு மூட்டுவதற்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை. நான் சொன்னது பொய் என்று சொன்னால், அப்படியென்றால் உண்மை என்ன என்று கேட்பாள். அதற்கு என்னிடம் இந்தத் தொண்டையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

அவள் இன்றைக்கும் தேங்காய் திருவத் தொடங்கினால், எனக்குள் அந்த நாலு நிமிடம் தானாகத் தொடங்கிவிடும். கீழிருந்து மெல்ல வரும், நிற்கும், யோசிக்கும், போகும். அவள் நிமிர்ந்து பார்த்து, "என்ன அப்பிடியே நிக்கிறியள்?" என்பாள். ஒண்டுமில்லை என்பேன்.